அம்சவல்லியின் இங்கிலீஷ்

"திஸ் சைடு அப்" என்று தூக்குச்சட்டியின் மூடியைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் அம்சவல்லி அதைக் கம்பெனி வேனில் காலடியில் வைப்பாள். பிள்ளைப்பாக்கம் கூட்டு ரோட்டில் காலை ஆறே முக்காலுக்கு ஏறுகிறவள் இறங்கும் வரை உதட்டை அசைத்துக்கொண்டே வருவாள். புதிதாக வேனில் வருகிறவர்கள் ஏதோ ஸ்லோகம் சொல்கிறாள் என்று நினைத்துக் காலை மடக்கிக்கொள்வார்கள். பக்கத்தில் போய்க் காது கொடுத்தால், "இன் கேஸ் ஆஃப் ஃபயர், பிரேக் தி கிளாஸ்" என்பது தெளிவாகக் கேட்கும். தீயணைப்புப் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாக்கியம் அது. அதை மனப்பாடம் செய்ய அவளுக்கு நான்கு நாள் ஆயிற்று.

வயது முப்பத்து மூன்று. படிப்பு எட்டாம் வகுப்பு. புருஷன் எல்லப்பன் ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் வைக்கிறான். தண்ணீர் இல்லாத மாதங்களில் செங்கல் லோடு அடிக்கிறான். அவள் வேலை பார்ப்பது ஒரகடம் போகும் ரோட்டில் ஏரியை ஒட்டி இருக்கும் ஒரு ரப்பர் கம்பெனியில். அங்கே ஆயில் சீல் செய்கிறார்கள். எஞ்சினில் எண்ணெய் கசியாமல் அடைத்துப் பிடிக்கிற கறுப்பு ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். ரப்பரை அச்சில் அழுத்துகிற பிரஸ்ஸிலிருந்து வந்து குவிவதை ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் உள்பக்கம் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நல்லதைப் பச்சை ட்ரேயில் போடுவது அம்சவல்லியின் வேலை. கெட்டதின் தலையில் சிவப்பு பெயிண்டால் ஒரு பொட்டு வைத்துச் சிவப்புத் தொட்டியில் எறிய வேண்டும். மூன்று வருடமாக இதைச் செய்கிறாள். மூன்று வருடமாக டெம்பரவரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் வீட்டில் உட்கார வைத்து, மறுபடியும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டவள்போலப் புதிதாக எடுப்பார்கள்.

"பர்மனென்ட் ஆவணும்னா இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதத் தெரியணும்மா" என்று மேனேஜர் ஜீவானந்தம் ஒருநாள் போகிற போக்கில் சொல்லிவிட்டார். அவர் மறந்துவிட்டார். அம்சவல்லி மறக்கவில்லை. அன்று தொடங்கியது இந்தப் படிப்பு.

அவள் சொல் சொல்லாகப் படிப்பதில்லை. முழு வாக்கியமாகத்தான் பிடிப்பாள். "ஒவ்வொரு வார்த்தையா வாங்கினா அத்த எப்டி கோக்கறதுன்னு தெரியல. கோத்ததாவே எடுத்துக்கினா வேலை மிச்சம்" என்பது அவள் கட்சி. அட்டைப்பெட்டி, மருந்துச் சீட்டு, சுவரில் மாட்டிய போர்டு, ரேடியோ என்று எங்கெல்லாம் இங்கிலீஷ் கோத்து வைத்திருக்கிறதோ அங்கெல்லாம் எடுத்துக்கொள்வாள். பக்கத்து மேஜையில் உட்காரும் லீலா கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள், அவளைவிட ஏழு வயது சின்னவள். அர்த்தம் சொல்லும் பொறுப்பு லீலாவுடையது. இப்படி ஏறத்தாழ இருநூறு வாக்கியங்கள் சேர்ந்துவிட்டன. அவற்றை அவள் சும்மா வைத்திருப்பதில்லை. ஊறுகாய் ஜாடியைப் பரண்மேல் ஏற்றும்போது பிள்ளைகளைப் பார்த்து, "கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்" என்பாள். எல்லப்பன் பசியோடு வந்து உட்கார்ந்தால், "ஷேக் வெல் பிஃபோர் யூஸ்" என்று சொல்லிக் குழம்பைக் கலக்குவாள். "இன்னாடி இது, சோத்துக்கு மந்திரம் போட்றியா" என்று அவன் கேட்பான். ஆனால் தெருவில் யாரிடமாவது பேசும்போது, "எங்கூட்டுக்காரிக்கு இங்கிலீஷ்லாம் வரும்" என்று சொல்லாமல் விடமாட்டான்.

சொந்தமாகச் சில சட்டங்களும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் கடைசியில் ஒரு 'டு' போட்டால் போதும் என்பது முதல் சட்டம். "ஐ குக்கிடு. ஐ ஈட்டடு. ஐ கோடு." கோடு இல்லை, வென்ட் என்று லீலா திருத்தினால், "எல்லாம் ஒரே வரிசையில நிக்கசொல்ல அது மட்டும் ஏன்டி தனியா போயி நிக்குது? அது பண்ண தப்புக்கு நான் இன்னா பண்றது" என்பாள். 'தி' என்ற சொல்லை எங்கே போடுவது என்பது பிடிபடவே இல்லை. சந்தேகம் வரும் இடத்தில் பல்லிடுக்கில் கொஞ்சம் காற்றை விட்டுவிடுவாள். கேட்பவர் வேண்டுமானால் அதை 'தி' என்று எடுத்துக்கொள்ளலாம்.

பேசிப் பழக ஆள் வேண்டுமே. அதற்கு வீட்டு எருமை இருந்தது. "அதுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. தப்பா பேசினா சிரிக்காது" என்று லீலாவிடம் காரணம் சொன்னாள். சிரிப்பார்கள் என்ற பயம் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. அதனால்தான் லீலாவைத் தவிர மற்ற மனிதர்கள் முன்னால் ஏற்கெனவே அச்சில் வந்த வாக்கியம் தவிர வேறொன்றும் வாயிலிருந்து வராது. மேனேஜர் இங்கிலீஷில் எதைக் கேட்டாலும், முகவாயை இரண்டு முறை இறக்கி, "எஸ் சார், எஸ் சார்" என்பாள். அவர் போனதும், "இன்னா கேட்டாருடி" என்று லீலாவிடம் ஓடுவாள். ஒருமுறை, நேற்று ராத்திரி குழாயைத் திறந்துவிட்டுப் போனது நீயா என்று அவர் கேட்டிருந்தார். செய்யாத குற்றத்துக்கு அன்று மாலை வரை அம்சவல்லி தொட்டியைக் கழுவினாள்.

இந்த நிலையில்தான் தொண்ணூற்றொன்றாம் வருஷம் அந்த ஜப்பான் ஆர்டர் வந்தது. முதலில் மாதிரிக்கு நாற்பது ட்ரே. அது பாஸானால் மேலே வருடக்கணக்கில் வேலை. இன்ஸ்பெக்ஷனில் இருக்கும் எட்டு டெம்பரவரிப் பெண்களில் ஐந்து பேர் பர்மனென்ட். பாஸாகவில்லையென்றால் அந்த மேஜையே தேவையில்லை, எட்டுப் பேரும் வீட்டுக்கு. சூப்பர்வைசர் தசரதன் இதை ஒளிவுமறைவில்லாமல் எல்லாருக்கும் சொல்லியிருந்தார். எட்டுப் பெண்களும் ஒரு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். நாற்பது ட்ரேயும் சுவர் ஓரம் அடுக்கி நின்றபோது ஆயுத பூஜை வந்தது.

பூஜைக்குக் கம்பெனி முழுக்கக் கழுவி விட்டார்கள். பிரஸ்ஸுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். மேலே சுற்றுகிற ஃபேனுக்கு, எடை மேஜைக்கு, மேனேஜரின் ஸ்கூட்டருக்கு, வாசல் கேட்டுக்கு. பொரி கடலை வாங்கிக்கொண்டு எல்லாரும் கிளம்பியபோது, அம்சவல்லியின் கண் அந்த நாற்பது ட்ரேமேல் விழுந்தது. கடல் தாண்டிப் போகிற பொருள். மூளி நெற்றியோடு நிற்கிறது.

"மெசினுக்கெல்லாம் வெச்சாச்சு. மெசின் பெத்த புள்ளைங்களுக்கு வேணாவா" என்று குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். ட்ரேக்குப் பன்னிரண்டு வீதம், மேல் அடுக்கில் இருந்த ஒவ்வொரு சீலுக்கும் ஒரு பொட்டு. நாற்பது ட்ரேக்கும். லீலாகூட நான்கு ட்ரேயைத் தூக்கி இறக்கி உதவினாள்.

மூன்று வருடமாகக் கெட்ட சீலுக்குச் சிவப்புப் பொட்டு வைக்கிறவள் இதைச் செய்யலாமா என்று நீங்கள் கேட்கலாம். மறுநாள் தசரதனும் அதைத்தான் கேட்டார், இன்னும் கொஞ்சம் காரமாக. குங்குமம் சிவப்பு என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. பெயிண்ட்தான் சிவப்பு; குங்குமம் குங்குமம்தான். நம் பெண்களில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும் என்று எனக்கும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

சரக்கைப் பரிசோதிக்க ஜப்பான்காரர் ஹயாஷி மறுநாள் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். வாழைக்கன்றுகளைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. ஒல்லியான மனிதர், வெள்ளைக் கையுறை, நரைத்த கிராப். நேரே சுவர் ஓரம் போனவர் முதல் ட்ரேயைப் பார்த்து நின்றார். ஒரு சீலை எடுத்துத் திருப்பினார். "ரெட்" என்றார். அடுத்த ட்ரே. "ரெட்." ஏழெட்டு ட்ரே பார்த்த பிறகு அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. "ஆல் ரெட். ஷிப்மெண்ட், ஸ்டாப்" என்றார். கெட்டதற்குச் சிவப்பு என்பது அவருடைய கம்பெனியிலும் விதிதான்.

அம்சவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் ஒருத்தியின் வேலை போனால் பரவாயில்லை, பக்கத்தில் ஏழு பெண்கள் நிற்கிறார்கள்.

மேனேஜர் ஜீவானந்தம் முன்னால் வந்தார். அவர் இங்கிலீஷைக் குறை சொல்ல முடியாது. தடங்கலில்லாமல், கடகடவென்று பேசுவார். கருவிகளை ஆண்டுதோறும் வழிபடுவது இந்த மண்ணின் தொன்மையான மரபு என்றும், அந்தப் புனிதமான சடங்கின் அடையாளமாகவே இந்தத் திலகங்கள் இடப்பட்டிருக்கின்றன என்றும், இதனால் தரத்துக்கு எவ்விதப் பங்கமும் இல்லை என்றும் நிறுத்தாமல் ஐந்து நிமிடம் விளக்கினார். ஹயாஷி முகவாயை இரண்டு முறை இறக்கி, "எஸ், எஸ்" என்றார். ஜீவானந்தம் திரும்பி, "புரிஞ்சிடுச்சு. லாரிய வரச் சொல்லுங்க" என்றார் தசரதனிடம்.

"சார்" என்றாள் அம்சவல்லி. "அவுருக்குப் புரியல சார்."

"அவரே எஸ்ஸுன்றாரும்மா."

"நானும் அப்டித்தான் சார் சொல்லுவேன், உங்ககிட்ட."

அந்த முகவாயை அவளுக்குத் தெரியும். வாய் எஸ் சொல்லும்போது கண் அசையாமல் நிற்குமே, அந்த நிலையும் தெரியும். மூன்று வருடமாக அதைச் சொல்லிப் பிழைத்தவள் அவள். ஜீவானந்தம் அவளைத் திரும்பிப் பார்த்தார். பழைய 'எஸ் சார்'களையெல்லாம் அவர் மனம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் ஹயாஷி பையிலிருந்து சிவப்பு நாடாவை எடுத்து நாற்பது ட்ரேயையும் சுற்றிக் கட்டத் தொடங்கியிருந்தார். அந்த எஸ்ஸின் லட்சணம் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

அம்சவல்லி இரண்டடி முன்னால் வைத்தாள். மனசுக்குள் இருந்த இருநூறு வாக்கியங்களையும் அவசரமாகப் புரட்டினாள். ஹேண்டில் வித் கேர். கீப் டிரை. நோ ஸ்மோக்கிங். ஒன்றும் இதற்கு ஆகிற வாக்கியமில்லை. குங்குமம் வைத்த குற்றத்தைப் பற்றி எந்த அட்டைப்பெட்டியிலும் யாரும் அச்சடித்து வைக்கவில்லை. பின்னால் பிரஸ் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள்.

"சார். யெஸ்டர்டே, மெசின் பர்த்டே" என்றாள்.

ஹயாஷி நாடாவைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.

"ஆல் மெசின் பாத்திடு." தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதுபோலக் கையால் காட்டினாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லீலா கண்ணை மூடிக்கொண்டாள். அம்சவல்லிக்குக் காது சுட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. "பாத்திடு, தென் ரெட் புட்டடு. மெசின் ரெட். ஃபேன் ரெட். கேட் ரெட். மீ ஆல்சோ ரெட்." தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "திஸ் பேபி. மெசின் பேபி. ஐ புட்டடு." ஒரு சீலை எடுத்து முந்தானையால் துடைத்தாள். குங்குமம் சேலையோடு போயிற்று. சீல் கறுகறுவென்று நின்றது. "லுக் சார். திஸ் ரெட், கோயிங். நோ பெயிண்ட். காட் ரெட்."

ஹயாஷியின் கண் அசைந்தது. பிரஸ்ஸைப் பார்த்தார், ஃபேனை அண்ணாந்து பார்த்தார், அவள் நெற்றியைப் பார்த்தார். "மெஷின் பர்த்டே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "பேபி ஆல்சோ."

"எஸ் சார்."

அவர் சிரித்துவிட்டார். கையுறையைக் கழற்றிவிட்டுத் தாமே ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் துடைத்தார். போயிற்று. இன்னொன்று. அதுவும் போயிற்று. அவள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாகத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். ஒன்பதாவது ட்ரேயில் அம்சவல்லி துடைத்த ஒரு சீலில் சிவப்பு போகவில்லை.

மறுபடியும் துடைத்தாள். போகவில்லை. பெயிண்ட்தான். அவளே என்றைக்கோ வைத்த பெயிண்ட். முந்தின நாள் தரை கழுவும் அவசரத்தில் சிவப்புத் தொட்டியும் ட்ரேக்களும் இடம் மாறியபோது சிதறி விழுந்ததை யாரோ பொறுக்கி இதில் போட்டிருக்கிறார்கள். நேற்று பொட்டு வைத்த வேகத்தில் அவளும் கவனிக்கவில்லை.

தசரதன் பார்த்துவிட்டார். உதடு அசையாமல், "அத்த கைல மறைச்சிக்க அம்சவல்லி. அவுருக்கு இன்னா தெரியப் போவுது. எட்டுப் பேர் பொழப்பு" என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. எட்டுப் பேர் பிழைப்பு என்றது நிஜம். சீல் உள்ளங்கையில் இருந்தது, விரலை மடக்கினால் போதும். ஆனால் எங்கோ ஒரு வண்டியில் இது கசியும். மூன்று வருடமாக இதைப் பிரித்துப் போடுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இன்னும் எத்தனை இதுபோல உள்ளே இருக்கிறதோ அதுவும் தெரியாது. அம்சவல்லி கையை விரித்தபடி ஹயாஷியிடம் நீட்டினாள்.

"சார். திஸ் ரெட், நோ கோயிங். திஸ் ரெட், பேட்."

"ஒய் ஹியர்?" என்றார் அவர்.

"ஃப்ளோர் பாத்திடு. ட்ரே ஹியர் கோடு, தேர் கோடு. மிக்ஸ்டு. ஐ நோ லுக்கிடு. மை ராங்."

இத்தனையிலும் 'மிக்ஸ்டு' ஒன்றுதான் இலக்கணப்படி சரி. அவளுக்கு அது தெரியாது. எந்தப் பெட்டியிலிருந்தும் எடுக்காமல் அவளே கோத்தது அத்தனையும். என்னைக் கேட்டால், அந்தக் கம்பெனியில் அதுவரை பேசப்பட்ட இங்கிலீஷிலேயே நல்ல இங்கிலீஷ் அதுதான் என்பேன்.

ஹயாஷி அந்தச் சீலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆல் செக்" என்றார். "டுகெதர்."

நாற்பது ட்ரேயையும் மேஜையில் கொட்டினார்கள். எட்டுப் பெண்களும் அவரும். ஒவ்வொன்றையும் துடைத்து, தடவி, வெளிச்சத்தில் திருப்பி. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட மாற்றி மாற்றித்தான் எழுந்தார்கள். நடுநடுவே அவர் ஏதாவது கேட்பார், அவள் கையால் பாதி, வாயால் பாதி சொல்வாள். ஒருமுறை லீலாவின் பக்கம் சாய்ந்து, "அவுரும் 'தி' போடலடி, பாத்தியா" என்று ரகசியம் சொன்னாள். அப்படியொரு சந்தோஷத்தை லீலா அவள் முகத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. ஜீவானந்தம் இரண்டு முறை உதவிக்கு வந்து, பேச்சு தம்மைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனார்.

பெயிண்ட் பொட்டோடு இன்னும் நான்கு கிடைத்தன. ஐந்தையும் அம்சவல்லியே சிவப்புத் தொட்டியில் போட்டாள். மூன்றரை மணிக்கு ஹயாஷி நாடாவை அவிழ்த்துப் பையில் வைத்தார். ரிப்போர்ட்டில் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாரி பின்பக்கமாக வந்து நின்றது. தசரதன் யார் முகத்தையும் பார்க்காமல், "திங்கக்கெழம அஞ்சு பேரோட பேரு போர்டுல ஒட்டுவாங்க. உன் பேரு மொதல்ல இருக்கும்" என்று ட்ரேயைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார். ரத்னா என்ற பெண், அந்த ஐந்தில் தன் பேர் இருக்காதோ என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

கிளம்புகிற நேரத்தில் ஹயாஷி எதையோ நினைத்துக்கொண்டவராகத் திரும்பி வந்தார். கைப்பெட்டியைத் திறந்து, வெல்வெட் உறையிலிருந்து தம்முடைய வெர்னியரை எடுத்தார். மயிரிழை அளவைக்கூடச் சொல்லிவிடும் அளவுக்கருவி அது. அன்று முழுவதும் வேறு யாரையும் அதை அவர் தொடவிடவில்லை. அதை இரண்டு கையாலும் பிடித்து அம்சவல்லியின் முன் நீட்டி, "திஸ் ஆல்சோ. பர்த்டே" என்றார்.

ஒன்றாம் நம்பர் பிரஸ்ஸின் காலடியில் பூஜைத் தட்டு இன்னும் எடுக்காமல் கிடந்தது. அம்சவல்லி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெர்னியரை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொருளைக் கவ்வுகிற தாடையில் வைக்கக் கூடாது. எண்கள் இருக்கும் பக்கமும் கூடாது. பின்புறம், பிடியின் ஓரத்தில், எந்த அளவும் வந்து தொடாத ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, மோதிர விரலால் அரிசி அளவு குங்குமம் வைத்தாள். பிறகு தாடை இரண்டையும் ஒருமுறை மூடி, கோடு சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.